அப்பா குடித்த இரண்டு குவளை சலக்கிலெஸ்

அன்புள்ள அம்மா,

இனலஹான் ஊர்ப் பெருமக்களுக்கு ஓர் அறிவிப்பு: நம் வீட்டு அடுப்படியின் புதிய அதிபர் நான்தான்!

நீ ஹொனலூலு ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. அதனால் இன்று காலை, நீ வைக்கும் அந்த அரிசி அரைத்துவிட்ட கோழி சூப், சலக்கிலெஸ் வைத்தேன். சிவப்புச் சாயம் விடும் அச்சோட்டி விதையில் கோழி சூப்போடு என் கையும் சிவந்துவிட்டது. குவளையில் ஊற்றி, தொட்டுக்கொள்ள ரொட்டியோடு நீட்டினேன்.

"டேய், உங்கம்மா கைப்பக்குவம்டா!" என்று இரண்டு குவளை குடித்தார். அடுத்த ஞாயிறும் வைக்கச் சொல்கிறார்.

அம்மா, ஒரு சந்தேகம். அரிசியை எந்த நிறம் வரும்வரை வறுப்பாய்? எவ்வளவு நேரம்? நான் வறுக்காமலே அரைத்துப் போட்டேன். சூப் பசையாகிவிட்டது.

பக்கத்து வீட்டு ரெமெடியோஸ் அத்தை எட்டிப் பார்த்து, "இதுல சுவரொட்டி ஒட்டலாம்டா!" என்று சிரித்துவிட்டு, தன் வீட்டுப் பானையைக் கொண்டுவந்து தந்தார். அப்பா குடித்தது அத்தை வீட்டுச் சூப். அப்பாவுக்கு அது இன்னும் தெரியாது. ஞாயிறுக்குள் பதில் எழுதும்மா.

கை சிவந்த உன் மகன்