நாற்பத்தோராம் வளைவில் நிற்காத கார்

2024 ஜூன் 10, திங்கள்

இன்று பள்ளி திறந்தது. பதினொன்றாம் வகுப்பு. அதைவிடப் பெரிய விஷயம், ஜாஸ்மின் மேடம் எனக்குப் படித்துவிட்டுத் தரப் புதுப் புத்தகம் கொண்டுவந்தார்.

அவருடைய காரின் சத்தம் மூன்று வளைவு கீழே இருக்கும்போதே கேட்டுவிடும். "வருது பாரு, இருமிக்கிட்டு" என்று அம்மா குடத்தைத் தூக்கினாள். திங்கள்தோறும் எங்கள் பழக்கடை இருக்கும் இந்த மலைச்சாலையின் நாற்பத்தோராம் வளைவில் அந்தக் கார் கொதித்து நின்றுவிடும். பின்சக்கரத்துக்குக் கல் வைப்பது என் வேலை. ரேடியேட்டர் மூடியை உடனே திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும். ஆறவிட வேண்டும். அது ஆறுகிற அரைமணி நேரம் என்னுடையது.

மேடம் மலை மேலே செம்மேட்டில் தோட்டக்கலை அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். வெள்ளிக்கிழமை நாமக்கல்லுக்கு இறங்கி, திங்கள் காலை ஏறுவார். கார் ஆறும்வரை சாலையோரச் சுவரில் உட்கார்ந்து, போன புத்தகத்தில் எது புரிந்தது, எது புரியவில்லை என்று கேட்பார். என்னிடம் அப்படிக் கேட்கிறவர் அவர் ஒருவர்தான்.

இந்த முறை நட்சத்திரங்களைப் பற்றிய தடித்த புத்தகம். "மெதுவாப் படி தேனு. நான் எங்க போயிடப் போறேன்? இந்த வண்டி இருக்கற வரைக்கும் உங்க வளைவைத் தாண்டவே மாட்டேன்" என்று சிரித்தார்.

ஜூன் 24, திங்கள்

இன்று காருக்குள் உட்காரச் சொன்னார். கிலோமீட்டர் காட்டும் இடத்தில் ஐந்து எண்கள்தான் இருக்கின்றன. லட்சம் ஆனதும் மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடுமாம்.

"அதுக்கு மேல ஓடும்னு செஞ்சவங்களே நம்பலை. எங்கப்பா ரெண்டு தடவை இன்ஜினை இறக்கி வேலை பாத்தாரு. மழை பெஞ்சா ஸ்டார்ட் ஆகாது, நாங்கதான் தள்ளுவோம்."

பிறகு, இதை விற்றுவிட்டுப் புதுக் கார் வாங்கப்போவதாகச் சொன்னார்.

"நல்லதுங்க மேடம். எத்தன நாளைக்குத்தான் இதோட மல்லுக்கட்டுவீங்க? புது வண்டி ஏறுறப்ப நம்ம கடையில நிறுத்துங்க, எலுமிச்சம்பழம் வெக்கறேன்" என்றாள் அம்மா.

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்போது வேறெதுவும் தோன்றவில்லை.

ஜூலை 8, திங்கள்

வெள்ளைக் கார். முன்னால் வந்து நின்ற பிறகுதான் பார்த்தோம், அவ்வளவு சத்தமில்லை. அம்மா நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். நான் பழக்கத்தில் கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"வேண்டாம் தேனு, இது பின்னால உருளாது."

உள்ளே எட்டிப் பார்த்தேன். கிலோமீட்டருக்கு ஆறு எண்கள். மேடம் கையால் பானெட்டைத் தொட்டுக் காட்டினார். சூடாகத்தான் இருந்தது, ஆனால் கொதிக்கவில்லை. புத்தகம் பாதி ஆகிவிட்டது என்றேன். "அடுத்த வாரம் நிறைய பேசலாம். மீட்டிங் இருக்கு" என்றார்.

கல்லை மறுபடி சுவரோரம் வைத்தேன்.

ஜூலை 15, திங்கள்

நின்றார். இன்ஜினை அணைக்கவில்லை. கண்ணாடியை இறக்கி, "முடிச்சிட்டியா?" என்றார். இன்னும் இருபது பக்கம் என்றேன். பின்னால் பஸ் ஹாரன் அடித்தது.

ஜூலை 29, திங்கள்

ஹாரன் அடித்து, கையசைத்துப் போனார்.

புத்தகத்தை முடித்துவிட்டேன். ஒளியாண்டு புரிந்தது. கருந்துளை சரியாகப் புரியவில்லை. அதைத்தான் கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 5, திங்கள்

புத்தகத்தைக் கையில் தூக்கிப் பிடித்து நின்றேன். அவர் பார்க்கவில்லை. வளைவில் எதிரே லாரி வந்தது, அதனால்தான்.

ஆகஸ்ட் 14, புதன்

பள்ளி விட்டதும் அவருடைய அலுவலகத்துக்கே போனேன். மேடம் மலையில் இன்னொரு பக்கம் இருக்கும் திருப்புலி நாட்டுக்கு மிளகுத் தோட்டம் பார்க்கப் போயிருந்தார். அங்கே வேலை பார்க்கும் ஒரு அக்கா, "குடுத்துட்டுப் போ கண்ணு, நான் சேத்திடறேன்" என்றார். நான் தரவில்லை. ஏன் தரவில்லை? கொடுத்துவிட்டால் அவர் எங்கள் வளைவில் நிற்பதற்கு ஒரு காரணமும் மிஞ்சாது.

ஆகஸ்ட் 23, வெள்ளி

எழுதவே கூச்சமாக இருக்கிறது.

சாயங்காலம் மேடத்தின் கார் கீழே இறங்கியது. பஸ்ஸுக்கு வழிவிட வளைவில் கொஞ்ச நேரம் நின்றது. அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அம்மா பார்த்துவிட்டாள். தண்ணீரைப் பார்த்தே வண்டியின் வியாதியைச் சொல்கிறவள் அவள். குடத்தோடு ஓடினாள்.

"ஏனுங்க மேடம்! போவாதீங்க! ஒழுகுது, தண்ணி ஒழுகுது!"

மேடம் பதறி இறங்கினார். கூட வந்த அவருடைய அலுவலகத்துக் கதிரேசன் சார் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏசி தண்ணிங்க அது. இந்த வண்டிக்கெல்லாம் உங்க குடம் வேண்டியதில்லீங்க."

கடையில் பழம் வாங்கிக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. "நல்லதுக்குத்தான அக்கா சொன்னீங்க" என்று அம்மாவின் கையைத் தொட்டார். என்னைப் பார்த்து, "புத்தகம்?" என்றார்.

புத்தகம் மேலே வீட்டில் இருந்தது. திங்கட்கிழமைகளில்தானே கொண்டுவருவேன்! எடுக்க ஓடுவதற்குள் பஸ் தாண்டிவிட்டது, பின்னால் வண்டிகள். "திங்கக்கிழமை" என்றார்.

அம்மா அந்தக் குடத்துத் தண்ணீரை ரோட்டிலேயே ஊற்றினாள்.

ஆகஸ்ட் 26, திங்கள்

மழை. கண்ணாடி ஏற்றியிருந்தது.

செப்டம்பர் 21, சனி

நூலகத்தில் வண்டிகளைப் பற்றிப் படித்தேன். முன்பெல்லாம் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடினாலே இன்ஜினைப் பிரிக்க வேண்டியிருந்தது. இப்போது இரண்டு, மூன்று லட்சம் சாதாரணமாம். பாகங்களை நுட்பமாகக் கடைந்து பொருத்துகிறார்கள். ஆயில் நல்ல ஆயில். தகடு சீக்கிரம் துருப்பிடிப்பதில்லை. எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. நடுவழியில் குழந்தையோடு யாரும் நிற்க வேண்டியதில்லை.

நல்ல விஷயம். உண்மையாகவே நல்ல விஷயம்.

அப்புறம் எனக்கு ஏன் இப்படி இருக்குது?

அக்டோபர் 21, திங்கள்

அம்மா குடம் நிரப்பி வைப்பதை விட்டுவிட்டாள். "யாருக்கு?" என்கிறாள். வண்டி நின்றால்தான் பழம் விற்கும். மேலே சோளக்காடு ஊரில் பஸ் நிற்கும் இடத்துக்குக் கடையை மாற்றலாமா என்று அப்பா கேட்கிறார்.

நவம்பர் 4, திங்கள்

கார் வரவில்லை. மேடத்துக்கு மாறுதல் ஆகிவிட்டதாம், திருநெல்வேலிப் பக்கம். பஸ்ஸில் சொன்னார்கள்.

நவம்பர் 9, சனி

குழாயடியில் இருந்தேன். அம்மா மேலிருந்து கத்தினாள், "தேனு, மேடம் கார் போவுது!" ஓடி வந்தபோது ரோடு காலியாக இருந்தது. ஹாரன் அடித்தாரா என்று கேட்டேன். "அடிச்சாங்க சாமி. கொஞ்சம் நின்னு கூடப் பாத்தாங்க" என்றாள். எனக்காகச் சொன்னாளா, தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் பிரேக் கருகும் வாசனை. பழைய மினி லாரி ஒன்று, சக்கரத்தில் புகையோடு, எங்கள் வளைவில் வந்து நின்றது. கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இறங்குகிற வண்டி, அதனால் முன்சக்கரத்துக்கு வைத்தேன்.

பின்னால் கட்டில், பீரோ, கயிறு போட்டுக் கட்டிய புத்தக அலமாரி. பார்த்ததுமே தெரிந்தது.

"ஜாஸ்மின் மேடம் சாமானா?"

"ஆமா கண்ணு. அவுங்க அடிவாரத்துல, காரவள்ளியில காத்துட்டு இருக்காங்க. நம்மளுது மாட்டு வண்டி மாதிரி. ஆறட்டும்" என்றார் டிரைவர் செல்வம் அண்ணன்.

வீட்டுக்கு ஓடிப் புத்தகத்தை எடுத்துவந்தேன். அலமாரியில் ஒரு தடித்த புத்தகத்தின் அளவுக்கு இடைவெளி இருந்தது. கயிற்றுக்குள் கை விட்டு அங்கே வைத்தேன். சரியாக உட்கார்ந்தது.

"ஏதாவது சொல்லோணுமா கண்ணு?"

கருந்துளை புரியவில்லை என்று சொல்லச் சொல்வதா? "படிச்சு முடிச்சிட்டேன்னு சொல்லுங்கண்ணா."

அம்மா குடம் நிரப்பி வந்து டிரைவருக்குக் குடிக்கக் கொடுத்தாள். புகை அடங்கியது. அவர் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். ஏறி உட்கார்ந்தார். நான் இன்னும் ஒருமுறை சக்கரத்தைத் தொட்டேன். லேசான சூடு இருந்தது.

"கல்ல எடு கண்ணு, போலாம்."

எடுத்தேன்.