பதில் அனுப்பாத மூன்று பேர்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஞாயிறன்று போனில் பேசிய பிறகும் எழுதுவதற்கு மன்னியுங்கள். போனில் எனக்குப் பாதிதான் பேச வருகிறது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா நலமா?

இங்கே சரயேவோ நகரில் நான் நலம். நம் ஊர் மலைச்சரிவு மழையில் சரிந்து இறங்குமா என்று எங்கள் அலுவலகம் நிபுணர்களிடம் எழுதிக் கேட்டது. எந்தப் பதிலை யார் எழுதியது என்று அவர்களுக்குள் தெரியாது. எல்லாப் பதில்களையும் அவர்களுக்கே காட்டி, அடுத்த சுற்றில் மறுபடி கேட்போம். பெரிய பேராசிரியரைக்கூடப் பயமில்லாமல் மறுக்கலாம். வாய் திறக்கவே கூசும் எனக்கு அந்த முறை மிகவும் பிடித்திருந்தது.

முதல் சுற்றில் மூன்று பேர் மட்டும் இறங்கும் என்றார்கள். அடுத்த சுற்றில் அவர்கள் பதிலே அனுப்பவில்லை. நேற்று வந்த அறிக்கையில், "ஆபத்தில்லை, நிபுணர்கள் ஒருமனதாக முடிவு" என்றிருந்தது.

"அந்த மூணு பேரும் மனசு மாறலையே, மேடம்?" என்று எங்கள் அலுவலகத் தலைவி வெஸ்னாவிடம் கேட்டேன்.

"பதில் போடாதவங்கள எப்படிம்மா சேர்க்கிறது? திரும்பத் திரும்பக் கேட்டா யாருக்கும் அலுத்துப்போகும். போ, காபி போடு," என்று சிரித்தார். அறையில் எல்லாரும் சிரித்தார்கள்.

பயப்படாதீர்கள், மற்றவர்கள் சொன்னதே சரியாகவும் இருக்கலாம். இங்கே வரும் பஸ் டிரைவரிடம் கம்பளிக் காலுறையும் கொஞ்சம் பிளம் ஜாமும் கொடுத்தனுப்புங்கள். தனியாகச் சாப்பிட்டால் ரொட்டி இறங்குவதில்லை. தபால் நிலையம் மூடப்போகிறது.

உங்கள் மகள்,
மெர்சிஹா

அப்பா, மழை ஓயும்வரை அம்மாவையும் பசுவையும் கூட்டிக்கொண்டு ஆற்றுக்கு அக்கரையில் அத்தை வீட்டில் போய் இருங்கள். இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே.