வலி இல்லை என்று எழுதிய தாள்

என் கண்ணுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் உன்னோடு அறையில் இருக்கிற பிள்ளைகளும் வேளைக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் தலைவலி என்று படுக்காமல் இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். நான் எப்படி இருக்கிறேன் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுவது என் வழக்கம், இந்தத் தடவை அதற்கு அவசரப்படவில்லை, கொஞ்சம் தள்ளி எழுதுகிறேன், பொறுமையாகப் படி. ஞாயிற்றுக்கிழமைதானே பேசினோம், அதற்குள் என்ன கடிதம் என்று கேட்பாய். போனில் உன் குரல் கேட்டதும் என் வாய் எல்லாம் நல்லா இருக்கு என்று தானாகவே சொல்லிவிடுகிறது, நான் யோசிப்பதற்குள் சொல்லி முடித்துவிடுகிறது. கை அப்படி இல்லை. ஆறாம் வகுப்போடு நின்ற கை, ஒவ்வொரு எழுத்தாகத்தான் நகரும், பொய் சொல்லுகிற அளவுக்கு அதற்கு வேகம் போதாது.

நேற்று லீவு, அலமாரியைத் துடைத்தேன். அப்பா சட்டைகளைத் தொடவில்லை, கீழ்த்தட்டு மட்டும்தான். கதவின் உள்பக்கம் அவர் ஒட்டிய தாள் ஒரு மூலை பெயர்ந்து தொங்கியது, ஒட்டலாம் என்று உட்கார்ந்தவள் அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்று நாலு வருஷத்துப் பாடப் பட்டியலைத் தரையில் பரப்பி வைத்து, இதை முடித்தால்தான் அதை எடுக்கலாம், அதை முடித்தால்தான் இன்னொன்று என்று நீ விளக்கினாயே, எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. அப்பா இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டினவர், இது ரூட்டுதானே என்று சொல்லிப் பழைய காலண்டரின் பின்பக்கத்தில் நீளமாக ஒரு கோடு இழுத்து, ஒவ்வொரு பாடத்தையும் ஒரு ஸ்டாப்பாக வட்டம் போட்டார். எட்டு அரையாண்டுக்கு எட்டு நிறம் வேண்டும் என்று உன்னைக் கடைக்கு விரட்டினார். கணக்கு ஒன்றில் ஏறாத ஆள் கணக்கு இரண்டில் இறங்க முடியாது, டிக்கெட் செல்லாது என்று கண்டக்டர் குரலில் சொல்லிக் காட்டினார், நீ விழுந்து விழுந்து சிரித்தாய். கடைசி ஸ்டாப்பில் டிசைன் பிராஜெக்ட் என்று எழுதி அதன் மேல் ஒரு கூரையும் வரைந்தார், இறங்குகிற இடத்தில் நிழல் வேண்டாமா என்றார். எனக்கு டிசைன் என்றால் துணியில் இருக்கிற பூவும் கொடியும்தான். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் கூட வேலை செய்கிறவர்களிடம் என் பெண் நாலு வருஷம் டிசைன் போடப் படிக்கிறாள் என்று பெருமையாகச் சொல்லிவைத்தேன், சுருட்டைமுடிக்காரி தன் வீட்டுத் திரைச்சீலைக்கு இரண்டு மயில் வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். அதைக் கேட்ட நாளிலிருந்து ஒரு வாரம் அப்பா என்னை மயிலம்மா என்றுதான் கூப்பிட்டார்.

முதல் வருஷம் உங்கள் வகுப்பில் அட்டையிலேயே நாற்காலி செய்யச் சொன்னார்களே, ஞாபகம் இருக்கிறதா. பெற்றவர்கள் வந்து பார்க்கலாம் என்றதும் அப்பா யூனிபார்மை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்தார், கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு மடிப்புக் கலையாமல் வந்ததில்லை. கூட்டத்திலேயே கனமான ஆள் யார் என்று தேடி உங்கள் சார் அவரைத்தான் உட்காரச் சொன்னார். பத்து எண்ணுகிறவரைக்கும் தாங்கியது, பிறகு ஒட்டகம் உட்காருகிற மாதிரி மெதுவாக மடிந்து அவரைத் தரையில் இறக்கியது. எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டு, பிரேக் நல்லா பிடிக்குது சார், சீட்டுதான் கொஞ்சம் சரியில்ல என்றார். உன் முகம் அழப்போகிற மாதிரி இருந்தது, அதைக் கேட்டதும் சிரித்துவிட்டாய். திரும்பி வரும்போது ரயிலில் அந்த அட்டையை மடியில் வைத்துக்கொண்டே வந்தார், எங்கே மடிந்தது என்று வழியெல்லாம் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அப்பா போன சமயத்தில் நீ எழுதாமல் விட்ட அந்தப் பொருள்களின் வலிமைப் பாடம் அடுத்த பாடங்களை எல்லாம் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று சொன்னாய். சார் இரண்டு வழி காட்டினாராம். ஒன்று, விட்ட பாடத்தை இப்போது முடித்து, பிராஜெக்டை இரண்டு அரையாண்டாக இழுத்துச் செய்து, மற்றவர்களைவிட அரை வருஷம் பிந்தி வெளியே வருவது. இல்லையென்றால் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் போட்டுக்கொண்டு, ஏற்கெனவே யாரோ செய்து வைத்த சின்னதாக ஒரு பிராஜெக்டைப் பேருக்குச் செய்து, சீக்கிரம் முடிப்பது. நீ இரண்டாவதைத்தான் எடுக்கப்போகிறாய், பதினெட்டாம் தேதி தலைப்பை எழுதிக் கொடுத்துவிடுவாய் என்றாய். நம் சலவைப் பிரிவுக்காக நீயும் உன் கூட்டாளிகள் மூன்று பேரும் ஆசையாக யோசித்த டிராலி, துணி குறையக் குறைய அடித்தட்டு மேலே ஏறி வருமே, அது என்ன ஆச்சு என்று கேட்டேன். நீ, "அதெல்லாம் போச்சும்மா, நாங்க அனுப்பின கேள்வித்தாள்ல சலவைப் பிரிவு ஆறு பேருமே வலி இல்லைன்னு எழுதிட்டீங்க, தேவையே இல்லாத பொருளை டிசைன் பண்ணக்கூடாதுன்னு சார் சொல்லிட்டாரு" என்றாய். போனை வைத்த பிறகும் நான் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

பாப்பா, அந்தக் கேள்வித்தாள் வந்த அன்று என்ன நடந்தது என்று உனக்குச் சொல்கிறேன். பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரைக்கும் மார்க் போடவேண்டும், ஒன்று என்றால் வலியே இல்லை, ஐந்து என்றால் தாங்க முடியவில்லை. மற்ற ஐந்து பேரும் நான் என்ன போடுகிறேன் என்றுதான் பார்த்தார்கள், அங்கே நான்தானே மூத்தவள். நான் எல்லாவற்றுக்கும் ஒன்று போட்டேன். நம் பிள்ளை படிக்கிற இடத்துக்குப் போகிற தாள், அதில் போய் வலி வேதனை என்று எழுதினால் நன்றாகவா இருக்கும் என்று நினைத்தேன். நீ படித்துவிட்டு வருத்தப்படுவாயே என்றும் நினைத்தேன். என்னைப் பார்த்து எல்லோரும் ஒன்று ஒன்று என்று போட்டார்கள். சுருட்டைமுடிக்காரி மட்டும் இடுப்புக்கு மூன்று போட்டாள், நான்தான் அவளைத் திட்டி அழிக்கவைத்தேன். நீ கேட்டது குசலம் இல்லை, அளவு. நான் குசலத்துக்குச் சொல்கிற பதிலை அளவுக்குச் சொல்லிவிட்டேன்.

அப்பாவும் இப்படித்தானே செய்தார். இடது கையை அமுக்கிக்கொண்டே வீட்டுக்கு வருவார், என்ன என்று கேட்டால் "ஒண்ணுமில்ல, ஸ்டியரிங் பிடிச்சுப் பிடிச்சு வலிக்குது" என்பார். நானும் தைலத்தைத் தேய்த்துவிட்டுப் படுத்துவிடுவேன். டிப்போவில் அவர் விழுந்த அன்று டாக்டர் என்னிடம் எத்தனை நாளாக வலி என்று கேட்டார். இருபத்துமூன்று வருஷம் கூட வாழ்ந்தவள், தெரியாது என்று சொன்னேன். அவர்மேல் எனக்கு வந்த கோபத்தை இதுவரை உன்னிடம்கூடச் சொன்னதில்லை. அவர் செய்ததையே நான் உனக்குச் செய்துவிட்டு, அன்பு என்று அதற்குப் பேர் வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை போனதும் ஐந்து பேரையும் உட்காரவைத்து நடந்ததைச் சொன்னேன். சூப்பர்வைசரிடமும் பயந்து பயந்து கேட்டேன், உண்மையை எழுதினால் ஏதாவது ஆகுமா என்று. அவர், "வலிக்குதுன்னு சொன்னா வேலையை விட்டு அனுப்பிடுவாங்கன்னு யார் சொன்னது, எனக்கும்தான் இடுப்பு இருக்கு, எனக்கும் ஒரு தாள் குடுங்க" என்றார். அதனால் இந்தக் கடிதத்தோடு புதிதாக, உண்மையாக எழுதிய ஏழு தாள் வருகிறது. அதோடு நானே டேப் வைத்து அளந்தேன். டிராலியின் மேல்விளிம்பு தரையிலிருந்து முப்பத்துநாலு இஞ்சு, அடித்தட்டு ஒன்பது இஞ்சு, அப்படியென்றால் உள்ளே இருபத்தைந்து இஞ்சு ஆழம். ஒரு நடைக்கு ஈரத்தோடு முப்பத்தெட்டு கிலோ, பழைய எடை மெஷினில் ஏற்றிப் பார்த்தோம். பதினெட்டுப் போர்வை இருந்தால் மேலே இருக்கிற பத்தை நின்றபடி எடுத்துவிடலாம், கீழே இருக்கிற எட்டுக்கு வயிறு விளிம்பில் இடிக்கிற மாதிரி மடங்கவேண்டும். நான் மடங்குகிற ஒவ்வொரு தடவையும் சுருட்டைமுடிக்காரி சுவரில் சாக்பீஸால் கோடு போட்டாள், ஜெயிலில் நாள் எண்ணுகிற மாதிரி இருக்கு அக்கா, உங்களுக்கு எப்போ விடுதலை என்று கேட்டாள். ஒரு ஷிப்டுக்கு நூற்றுப்பதினேழு கோடு. இன்னும் ஒன்று, பிழிகிற மெஷினுக்கும் உலர்த்துகிற மெஷினுக்கும் நடுவில் தண்ணீர் போகிற பள்ளத்துக்குமேல் கம்பி மூடி இருக்கிறது, முன்சக்கரம் அதில் சிக்கும், அப்போது இடுப்பாலேயே தள்ளவேண்டும். இதை உங்கள் தாளில் யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. எனக்கும் ஒரு சந்தேகம், வெறும் டிராலியில் தட்டு மேலேயே நின்றால் முதலில் போடுகிற ஈரப் போர்வை வழுக்கிக் கீழே விழாதா, பக்கத்தில் தடுப்பு வேண்டாமா, கேட்டுப் பார்.

நீ அவசரமாக முடித்துக்கொண்டு வருவதாகச் சொன்னது எனக்காகத்தான் என்று தெரியாதவளா நான். அதற்கும் உண்மையையே எழுதுகிறேன். வீடு வெறிச்சென்றுதான் இருக்கிறது. வேலையிலிருந்து வந்தால் இரண்டு தம்ளர் எடுத்துவைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைக்கிறேன். சில நாள் அழுகிறேன், சில நாள் அழவும் தோன்றவில்லை. நீ அரை வருஷம் முன்னால் வந்தால் இதெல்லாம் போய்விடுமா என்று நன்றாக யோசித்துப் பார்த்தேன், போகாது கண்ணு. நீ வந்து பக்கத்தில் இருந்தால் எனக்குச் சந்தோஷம், ஆனால் பிடித்ததை விட்டுவிட்டு வந்தவளாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அந்த முகத்தை வேறு நான் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். அரை வருஷம் பிந்தினால் பிந்தட்டும். விட்ட பாடத்தை முதலில் முடி, அது இல்லாமல் டிராலிக்கு எந்தக் கம்பி எவ்வளவு தாங்கும் என்று உனக்கு எப்படித் தெரியும். பிறகு சார் இந்தத் தாள்களைப் பார்த்துவிட்டும் வேண்டாம் என்றால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன், அவர் படித்தவர். ஆனால் பொய்யை வைத்து வேண்டாம் என்று சொன்னதோடு நிற்கக்கூடாது.

எந்தக் குறையும் வராமல், எடுத்த காரியம் கைகூடி, நீயும் உன் கூட்டாளிகளும் நன்றாக இருக்கவேண்டும். பல்லுக்கு மறுபடி காட்டச் சொன்னார்களே, போய்விட்டு வா, தள்ளிப்போடாதே. பதினெட்டாம் தேதிக்கு முன்னால் தாள்களைச் சார் கையிலேயே கொடு, மேஜையில் வைத்துவிட்டு வராதே. என் தாளில் இடுப்பு வலியைக் கேட்கிற நாலாவது கேள்விக்கு முதலில் நாலு போட்டேன், வேறு யாருக்காவது ஐந்து தேவைப்படும் என்று கை தானாக அப்படிப் போட்டது. அதை அடித்துவிட்டு ஐந்து எழுதியிருக்கிறேன். அடித்தல் திருத்தல் என்று சார் கேட்டால், இரண்டாவதுதான் சரி என்று எங்க அம்மா சொன்னாள் என்று சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா