கயிற்றில் கட்டிய பென்சில்

ஏப்ரல் 12, ஞாயிறு

சமையலறைச் சுவரில் அப்பா அமெரிக்க வரைபடம் ஒட்டியிருக்கிறார். நவம்பரில் அங்கே தேர்தல். எந்த மாநிலம் எந்தப் பக்கம் சாயும் என்று சிவப்பும் நீலமும் அடித்துக்கொண்டிருக்கிறார். ஐம்பத்தெட்டு வயதில் ஒருமுறைகூட ஆங்கிலேயக் கரையைத் தாண்டாதவர். கடவுச்சீட்டு கிடையாது. கார் ஓட்டவும் தெரியாது. ஆகவே, வாக்களிக்கக் கடவுச்சீட்டு, லைசென்ஸ் போலப் படம் போட்ட அட்டை வேண்டும் என்று இங்கே சட்டம் வந்ததிலிருந்து அவர் வாக்குச்சாவடிப் பக்கமே போகவில்லை.

கவுன்சில், அதாவது எங்கள் ஊர் நகராட்சி, அது இல்லாதவர்களுக்கு இலவசமாகவே ஒரு வாக்காளர் அட்டை தருகிறது. மே 7 இங்கே கவுன்சில் தேர்தல். படிவத்தை மேசையில் வைத்தேன்.

"அங்க ஜனநாயகமே இழுத்துக்கிட்டுக் கிடக்குது, நீ ஃபார்மைத் தூக்கிட்டு வர்ற" என்றார். தேநீர்க் கோப்பையை அதன்மேல் வைத்தார்.

ஏப்ரல் 28, செவ்வாய்

அட்டைக்கு விண்ணப்பிக்கும் கெடு இன்று ஐந்து மணியோடு முடிந்தது. சுவர் வரைபடத்தில் ஒஹாயோ சிவப்பாகிவிட்டது.

மே 2, சனி

இரண்டு கட்சித் துண்டறிக்கைகளும் வந்துவிட்டன. ஒன்றில் வேட்பாளர் சாலைக் குழியைச் சுட்டிக்காட்டி முகம் சுளிக்கிறார். இன்னொன்றில் அடுத்தவர் அதே குழியைச் சுட்டிக்காட்டுகிறார். குழிக்கு இருக்கும் மரியாதை இந்த ஊரில் மனிதனுக்கு இல்லை.

ஆனால் முதல் அறிக்கையின் பின்பக்கம், பொடி எழுத்தில்: கவுன்சிலின் நீச்சல்குளம் மூடப்படும். அப்பா இருபத்தாறு வருடமாக அந்தக் குளத்தின் கொதிகலனைப் பார்த்துக்கொள்கிறார். கவுன்சிலில் இரு பக்கமும் சரிசமம். எங்கள் வார்டுதான் முடிவு செய்யும். அப்பா அதை மூன்று முறை படித்தார். பிறகு இஸ்திரிப் பெட்டியை எங்கே வைத்தாய் என்று கேட்டார்.

இரண்டு கட்சியும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைதான் என்றேன்.

மே 7, வியாழன்

எனக்கு வாக்குச்சாவடி எழுத்தர் வேலை, ஒரு நாளைக்கு. தேவாலயக் கூடம். காலை ஆறரைக்குப் பென்சில்களைச் சீவிக் கயிற்றில் கட்டினேன். பென்சிலைத் திருடிவிடுவார்களாம். இந்த நாட்டில் திருட்டு என்றால் பென்சில்தான் போல.

அடுத்த வீட்டு வின்னி ஹார்கர் முதியோர் பஸ் பாஸைக் காட்டினாள். படத்தில் அவளுக்குக் கருப்பு முடி. செல்லும். ஒரு கல்லூரிப் பையன் ரயில் பாஸ் காட்டினான். செல்லாது. திருப்பி அனுப்பியதற்கு அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான். நாய்கள் பதினொன்று எஜமானர்களோடு வந்தன, இங்கே வழக்கம்போல் சாவடி வாசலில் படம் எடுத்துக்கொண்டன. அவற்றிடம் யாரும் அட்டை கேட்கவில்லை.

நாலு மணிக்கு அப்பா. சவ அடக்கங்களுக்குப் போடும் கோட்டு, டை.

பெயர் சொல்லுங்கள் என்றேன். கேட்டே ஆக வேண்டும், விதி.

"உனக்குப் பேரு வச்சவன்கிட்டயே பேரு கேக்குறியா?" வரிசையில் சிரித்தார்கள். வேலை அட்டையை எடுத்து வைத்தார். படம், கவுன்சில் முத்திரை, எல்லாம் இருந்தன.

"இது செல்லாதுப்பா."

"கவுன்சில் குடுத்த கார்டு. கவுன்சில் தேர்தல். இதுல என்ன செல்லாது?"

"செல்லுற அட்டைப் பட்டியல்ல இல்லப்பா."

"நான் யாருன்னு உனக்குத் தெரியாதா, ஹெட்டி?"

சாவடி அதிகாரி மிஸஸ் ஆக்டன் எழுந்து வந்தாள். சின்ன வயதில் அவர் குளத்தில்தான் நீந்தக் கற்றவள். "எனக்கும் தெரியும், டெஸ். தெரியுறதெல்லாம் கணக்குல வராது. மன்னிச்சுக்க."

காக்க வைத்ததற்கு அப்பா வரிசையிடம் மன்னிப்புக் கேட்டார். போய்விட்டார். திருப்பி அனுப்பியவர்கள் பட்டியலில் அவர் பெயரை எழுதினேன். நல்ல கையெழுத்தில்.

மே 8, வெள்ளி

எண்ணும் வேலைக்கும் போனேன். இருவருக்கும் ஆயிரத்துப் பதினாலு. மூன்று முறை எண்ணியும் அதே. சமமானால் சீட்டுக் குலுக்க வேண்டும் என்கிறது சட்டம். தேநீர் அறையிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பா வந்தது. இரண்டு உறைகளில் இரண்டு பெயர்கள். எண்ணிக்கையை நடத்திய தேர்தல் அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டார்.

குளத்தை மூடுகிறவர் ஜெயித்தார். கைதட்டினார்கள்.

என் அப்பா என் அப்பாதானா என்று நேற்று சந்தேகப்பட்ட சட்டம், இன்று பிஸ்கட் டப்பாவை நம்பியது. இந்த ஜனநாயகத்தைத்தான் நாம் உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்தோமாம்.

வீட்டில் அப்பா வரைபடத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை ஓட்டுல போச்சு?"

"ஒன்னுகூட இல்லப்பா. சமம்."

என் பக்கம் திரும்பினார். "நீ போட்டுட்டேல்ல?"

"ம்."

மே 9, சனி

போடவில்லை. அந்தக் கூடம்தான் என் சாவடியும். காலை முதல் இரவு பத்துவரை வாக்குச் சீட்டுக் கட்டு என் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. எட்டடியில் நானே சீவிய பென்சில். இரண்டு கட்சியும் ஒன்றுதான் என்று — பெரிய ஞானி மாதிரி — எழுந்திருக்கவேயில்லை. அப்பாவைத் திருப்பி அனுப்பிய பிறகும்கூட. ஏன்? சட்டத்தின்மேல் கோபம் என்று நேற்றுவரை எழுதிக்கொண்டிருந்தேனே, அது யார்மேல்?

ஜூலை 31, வெள்ளி

குளத்தில் தண்ணீரை வடித்துவிட்டார்கள். அப்பா சாவிக்கொத்தை ஒப்படைத்தார். ரசீது கொடுத்தார்களாம்.

ஆகஸ்ட் 19, புதன்

அப்பா பெயருக்குக் கவுன்சிலிலிருந்து உறை. வாக்காளர் அட்டை. எனக்குத் தெரியாமல் விண்ணப்பித்திருக்கிறார். படத்தில் முடி ஈரம். கடைசி நாள் நீந்திவிட்டு நேராகப் போய் எடுத்ததாம். இந்த வார்டில் அடுத்த தேர்தலுக்கு நாலு வருடம்.

சுவரில் வரைபடம் இல்லை. சாவிக்கொத்து தொங்கிய ஆணியில் அட்டையை மாட்டினார், கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்.

"நீயும் ஒன்னு வாங்கி வச்சுக்க."

"எனக்கு வேண்டாம்ப்பா. லைசென்ஸ் இருக்கு."

தலையாட்டினார்.

சாவடியில் அன்றைக்கும் இருந்தது. என் கோட்டுப் பையில்.