பட்டணம் என்று நான் வைத்த பெயர்

5 மே, திங்கள்
அக்கா தூங்கிவிட்டாள். போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

வகுப்புக்குப் புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள். குமுதா. எந்த ஊர் என்று கேட்டதும், பந்திங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். ஆறு வயது வரை நாங்கள் இருந்த தோட்டம். இங்கே கிள்ளானில் எல்லோரிடமும் நான் சுபாங் ஜெயா நகரத்தில் பிறந்தவள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவளுக்கு என்னை அடையாளம் தெரியுமா?

7 மே, புதன்
தமிழ் வகுப்பு. சிற்றூரைவிடப் பெரியது, மாநகரைவிடச் சிறியது, அதற்கு என்ன சொல் என்று சிவநேசன் சார் கேட்டார். என் பக்கத்தில் உட்காரும் விஷ்ணுப்ரியா "டவுன்" என்றாள். மால் இருந்தால்தான் டவுன் என்றான் விமலன். குமுதா எழுந்தாள்.

"பட்டணம் சார். பேங்கு, கிளினிக்கு, துணிக்கடை மூணுக்கும் நடந்தே போய்ட்டு வர முடிஞ்சா அது பட்டணம். இப்ப நாங்க பட்டணத்துக்கு வந்துட்டோம்."

வகுப்பே சிரித்தது. சரியான சொல்தான் என்றார் சார். யாரும் காதில் வாங்கவில்லை.

அம்மாவும் அப்படித்தான் சொல்வார். தோட்டத்தில் பட்டணம் என்றால் பந்திங். கிள்ளானுக்கு வந்து ஏழு வருடமாகியும், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போவதென்றால் "பட்டணம் வரைக்கும் போய்ட்டு வரேன்" என்பார்.

விஷ்ணுப்ரியா என் பக்கம் திரும்பினாள். நான் மட்டும் சிரிக்கவில்லை என்று கண்டுபிடித்துவிட்டாளோ? "ஏய் பட்டணம், உக்காருலா" என்றேன் குமுதாவிடம்.

நான்தான் சொன்னேன்.

8 மே
பெயர் ஒட்டிக்கொண்டது.

13 மே, செவ்வாய்
சிற்றுண்டிச்சாலையில் விமலன், "பட்டணம், பாசாருக்கு மாட்டு வண்டி எத்தன மணிக்கு?" என்றான். குமுதா தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டாள். நானும் சிரித்தேன். ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. தெரியாதா, இல்லை காத்திருக்கிறாளா?

சனிக்கிழமை ரிப்போர்ட் கார்டு வாங்கப் பெற்றோர் வர வேண்டும். அப்பா வந்தால் போதும் என்றேன். "ஏன், எனக்குப் பேசத் தெரியாதா?" என்றார் அம்மா.

17 மே, சனி
அம்மாதான் வந்தார். மேரு பக்கம் ஒரு ஃபேக்டரியில் இரவு ஷிப்டு முடித்து அப்படியே. படிக்கட்டில் குமுதாவின் அம்மாவைப் பார்த்ததும் "வள்ளி" என்று கட்டிக்கொண்டார். விஷ்ணுப்ரியா பார்க்கிறாளா என்றுதான் நான் முதலில் தேடினேன். அவள் அங்கே இல்லை.

வள்ளியம்மா ஆன்டி என் கன்னத்தைத் தொட்டார். "எங்க பாப்பா மொத நாளே வந்து சொல்லிருச்சு. நம்ம தோட்டத்துப் புள்ள ஒண்ணு கிளாஸ்ல இருக்கு, இனிமே பயமில்லம்மான்னு."

குமுதா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மொத நாளே. நான் பேரு வெக்கும்போதும் தெரியும். விமலன் கேட்டப்போ தெரியும். ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் முடிஞ்சேன் — சொல்லல. நான் பேரு வெச்சத வீட்லயும் சொல்லல. ச்சீ. நானெல்லாம் என்ன ஆளு. "அவகூட ஒண்ணா உக்காந்து சாப்பிடு"ன்னு அம்மா வழியெல்லாம் சொல்லிட்டே வந்தாங்க. நான் தலையாட்டினேன்.

18 மே
தூக்கம் வரவில்லை.

19 மே, திங்கள்
சாப்பாட்டு நேரத்தில் விமலன் மறுபடி ஆரம்பித்தான். நான் எழுந்தேன்.

"நானும் அந்தத் தோட்டந்தான். எங்க வீட்லயும் பட்டணம்னுதான் சொல்வோம். சுபாங் ஜெயா பொய்."

பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது. விஷ்ணுப்ரியாவுக்குக் கேட்டது. "முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

தட்டை எடுத்துக்கொண்டு குமுதாவின் மேசைக்குப் போனேன். பெஞ்சில் அவள் பக்கத்தில் பை இருந்தது. நான் வந்ததைப் பார்த்தாள். பையை எடுக்கவில்லை.

மணி அடிக்கும்வரை அங்கேயே நின்று சாப்பிட்டேன்.