இரண்டு கையின் அளவு

மார்ச் 3

என் குருவிக்குப் பாட்டி எழுதுவது.

“எனக்கு கிட்டார் வராது பாட்டி, வாங்காதீங்க” என்று எழுதியிருக்கிறாய். இரவல் கிட்டாரில் இரண்டு மாதம் தட்டிவிட்டு இந்தப் பேச்சா? துணி தைக்கக் கொடுக்க வருகிற அத்தனை பேரிடமும், “என் பேத்தி எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கப்போறா” என்று சொல்லி வைத்துவிட்டேன். என் மூக்கை உடைத்துவிடாதே.

நேற்று கடைக்கே போய்விட்டேன். “முதல் கிட்டார்னா எடை கம்மியா, கழுத்து மெலிசா பாருங்கம்மா. கலருக்கு மயங்கிடாதீங்க” என்றார் கடைக்காரர். டேப்பை எடுத்து ஒவ்வொன்றின் கழுத்தையும் அளந்தேன். “இதுக்கும் ஜாக்கெட் தைக்கப்போறீங்களா?” என்று சிரிக்கிறார்.

உன் இரண்டு கையையும் பேப்பரில் வைத்து, சுற்றி பென்சிலால் வரைந்து அனுப்பு. ஒரு பக்க அளவை நம்பி நான் துணி வெட்டியதில்லை.

உன் பாட்டி

மார்ச் 10

அன்புள்ள பாட்டி,

கைகள் இதோ. ஆனால் பிரயோஜனம் இல்லை. என் கை தாளத்துக்கு வரமாட்டேன் என்கிறது. விடுதிப் பெண்களின் பாட்டுக் குழுவிலிருந்து விலகிவிட்டேன். அழுதேன் என்று அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

குருவி

மார்ச் 15

தங்கமே,

பேப்பரை வெட்டுமேசையில் வைத்துப் பார்த்தேன். இடது கையைச் சுற்றி வலது கையால் போட்ட கோடு மூன்று இடத்தில் நடுங்கியிருக்கிறது. வலது கையைச் சுற்றி இடது கையால் போட்டதோ ஒரே இழுப்பு, நான் சாக்கட்டியால் போட்ட மாதிரி! அப்போதுதான் சுருக்கென்றது. ஒன்றாம் வகுப்பில் உன் இடது கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கி வலது கையில் திணித்தவள் நான்தான். வாத்தியார் அடிப்பாரோ என்ற பயம். என்னை மன்னித்துவிடு.

பேப்பரோடு கடைக்கு ஓடினேன். “இடது கைக்காரங்களுக்கு உண்டா?”

“உண்டும்மா. எல்லாருக்கும் வேணும்னு இல்ல. சாதா கிட்டார்லயே பழகிக்கிறவங்க பழகிக்கிறாங்க.”

“என் பேத்திக்குப் பழகலையே!”

உள்ளேயிருந்து ஒன்றைக் கொண்டுவந்தார். கம்பிகள் தலைகீழ் வரிசை. கழுத்து மெலிசு, உன் வலது கைக்கு அளந்து செய்தது போல. சின்ன ஆம்ப்ளிஃபயரும் சேர்த்துப் பார்சலில் வருகிறது. தோள் வார் மட்டும் என் தையல்.

உன் பாட்டி

ஏப்ரல் 2

பாட்டி, பாட்டி, பாட்டி!

இடது கையால் கம்பியை ஒரு மீட்டு மீட்டினேன். கை தன்னால் போகிறது! இத்தனை நாள் காதைப் பொத்திக்கொண்டிருந்த அறைத்தோழி, “இன்னொரு தடவை வாசிடி” என்றாள். குழுவில் திரும்பச் சேர்ந்துவிட்டேன். வலது கை விரல் நுனியெல்லாம் காய்த்துப்போச்சு, உங்கள் ஊசி விரல் மாதிரி. வார் கச்சிதமான அளவு.

மன்னிப்பெல்லாம் என்ன பாட்டி! நீங்கள் மாற்றிவிட்டதால் எனக்கு இப்போது இரண்டு கையெழுத்து. இந்தக் கடிதம் முழுக்க இடது கையால் எழுதியது. எழுத்து அப்படியே உங்கள் எழுத்து மாதிரி வருகிறது. அறைத்தோழி எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்கிறாள், “உங்க பாட்டி எழுதினதா?”

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் இடது கைக் குருவி