உண்ணாமலையின் கையெழுத்து

திருவண்ணாமலை
12.8.1982

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். ஆராய்ச்சிக்கான நூலக வேலை நன்றாகப் போகிறது.

நேற்று அறை வாடகைக்காகப் ஈப்போவில் வாங்கிய பயணக் காசோலையை ரூபாயாக மாற்றக் கிளம்பினேன். விடுதி வாசலில் ஒருவர், "எங்கிட்ட மாத்துங்க, ஜாஸ்தி தரேன்" என்றார். பயந்து வங்கிக்கே போனேன். அங்கேதான் நம் தவறு தெரிந்தது. பத்திரமாக இருக்கட்டுமென்று ஈப்போவிலேயே இரண்டு கையெழுத்தையும் போட்டுவிட்டோமே, இரண்டாவதை வங்கி ஊழியர் கண்ணெதிரே போட வேண்டுமாம்.

"இது செல்லாதுங்களே" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் மறுபடி போடச் சொன்னார். அப்பா சொல்லித்தந்த தமிழ்க் கையெழுத்து. அதை வாய்விட்டுப் படித்தார்.

"உண்ணாமலை! எங்க அம்மன் பேராச்சே. எந்த ஊரும்மா?"

"மலேசியா. அப்பாவுக்குக் கீழ்பென்னாத்தூர்."

"அப்ப நம்ம ஊருன்னு சொல்லுங்க!"

பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பணத்தைத் தந்தார். ஈப்போ வங்கியில் என் கையெழுத்தை இதுவரை யாரும் படித்ததில்லை. வெறும் கோடுகளாகத்தான் பார்ப்பார்கள். நானே வெட்கப்பட்டுக் கல்லூரியில் உமா ஆனவள். வெளியே வந்தால் எதிரே மலை. ரூபாயைப் பையில் வைக்கவும் தோன்றாமல் அப்படியே நின்றுவிட்டேன்.

நம் ஊர்க் காப்பித்தூள் கொஞ்சம் அனுப்புங்கள். இங்குள்ள காப்பியைத் தனியாகக் குடிப்பது ருசிக்கவில்லை. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. உறைமேல் உமா என்று வேண்டாம், முழுப்பெயரையே எழுதுங்கள்.

உங்கள் மகள்
உண்ணாமலை